முழு அல்பமா, பிடித்த பாட்டு மட்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022இல் மின்வெட்டு மோசமாக இருந்த மாதங்களில், திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு பழக்கம் தொடங்கியது. இரவில் கரண்ட் இல்லை, இன்டர்நெட் இல்லை, ஃபேன் இல்லை. கையில் இருந்தது சின்ன ஸ்பீக்கர் ஒன்றும், முன்பே இறக்கி வைத்திருந்த ஒரேயொரு அல்பமும், 30 வீதம் சார்ஜ் மிஞ்சிய என் போனும்தான். திரையை எழுப்பினால் சார்ஜ் இறங்கிவிடும் என்று போனைக் கவிழ்த்து வைத்தோம். அதனால் ஒருவரும் பாட்டை மாற்றவில்லை. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை நுளம்பு அடித்துக்கொண்டே கேட்டு முடித்தோம். மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்து பக்கத்து வீட்டு அக்கா, "அந்த நாலாவது பாட்டு நல்லா இருந்தது, என்ன பாட்டு அது?" என்று கேட்டார். பல வருடமாக என்னிடம் இருந்த அல்பம் அது. அந்த நாலாவது பாட்டை அன்றைக்கு முன் நான் ஒருநாளும் முழுதாகக் கேட்டதில்லை.

கரண்ட் வந்த பிறகும் நாங்கள் விடவில்லை. மாதத்தில் ஒருநாள், போயா என்னும் பௌர்ணமி விடுமுறைப் பின்னேரம், ஏழெட்டுப் பேர் கூடி ஒரு அல்பத்தை முழுதாகக் கேட்கிறோம். வந்தவர்களும், வர யோசிப்பவர்களும், சந்தையில் மறித்து விசாரிப்பவர்களும் கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

அல்பம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒருவர் யோசித்து, வரிசைப்படுத்தி, ஒன்றாக வெளியிட்ட பாட்டுகளின் கட்டு. அவ்வளவுதான்.

பெயர் வந்த வழி சுவையானது. பழைய 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம்தான் பதியலாம். நீண்ட இசை என்றால் பல தட்டுகள் வேண்டும். அந்தத் தட்டுகளைப் படம் ஒட்டும் அல்பம் போன்ற ஒரு தடித்த புத்தகத்துக்குள், உறைக்கு ஒன்றாகச் சொருகி விற்றார்கள். அதிலிருந்துதான் அல்பம் என்ற பெயர். 1948இல் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும் எல்பி தட்டைக் கொண்டுவந்தது. பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் பதியலாம். புத்தகம் போய் ஒரே தட்டானது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அடுத்த வருடமே ஆர்சிஏ விக்டர் 45 சுற்றுச் சின்னத் தட்டை இறக்கியது. அதில் பக்கத்துக்கு ஒரு பாட்டு. ஆக, முழுதா ஒற்றையா என்ற இந்த இழுபறி 1948, 1949இலேயே தொடங்கிவிட்டது. போன் வந்த பிறகு வந்த சண்டை இல்லை இது.

எனக்கு அதில் மூன்று பாட்டுத்தான் பிடிக்கும். மிச்சத்தை ஏன் கேட்க வேண்டும்?

அதிகம் வரும் கேள்வி இதுதான். என் அப்பாவின் கசெட் ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் டவுனில் ரெக்கோடிங் பார் இருந்தது. வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் கசெட்டில் பதிந்து தருவார்கள். அப்பா கொப்பித் தாளில் 12 பாட்டு எழுதி, 60 நிமிடக் கசெட் ஒன்றுக்குக் காசு கட்டிவிட்டு வந்தார். பக்கத்துக்கு ஆறு பாட்டு. ஒரு பாட்டு நாலரை நிமிடம் என்றால் 27 நிமிடம் ஆயிற்று. மூன்று நிமிடம் மிச்சம். கடைக்காரர் இரண்டாம் பக்கக் கடைசியில் அந்த மூன்று நிமிடத்தைச் சும்மா விட மனமில்லாமல், தனக்குப் பிடித்த ஒரு பாட்டைப் போட்டு நிரப்பிவிட்டார். பெண் குரல், மெதுவான பாட்டு. அப்பாவுக்குக் கோபம். "நான் எழுதிக் குடுக்காததை ஏன் போட்டவன்?" என்று கசெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஆனால் முன்னுக்கு ஓட்டினால் பற்றரி தீரும். அதற்காகவே அந்தப் பாட்டை ஓட விட்டார். கசெட்டை முதலுக்குக் கொண்டுவருவதற்குக்கூட நாங்கள் பென்சிலைப் பல்லுச் சில்லில் சொருகிக் கையால் சுற்றிய காலம் அது. இரண்டு மூன்று மாதம் போயிருக்கும். முற்றத்தில் சைக்கிள் துடைக்கும்போது அப்பா முணுமுணுத்தது அந்தக் கடைக்காரரின் பாட்டைத்தான். எழுதிக் கொடுத்த 12இல் பாதி இன்று எனக்கு ஞாபகமில்லை. பதின்மூன்றாவது மட்டும் வரி பிசகாமல் வரும். நாடா அங்கே முடிந்ததால் கடைசி வரிக்கு முன்னமே 'டக்' என்று நின்றுவிடும். பல வருடம் கழித்து அந்தப் பாட்டைப் போனில் முழுதாகக் கேட்டபோது, அந்த இடத்தில் என் காது தானாக நின்று, கடைசி வரி வந்ததும் திடுக்கிட்டது.

முழு அல்பம் கேட்கச் சொல்வதற்கு என் காரணம் இதுதான். நமக்கு என்ன பிடிக்கும் என்று நமக்கு முன்கூட்டியே முழுதாகத் தெரியாது. பிடித்ததை மட்டும் பொறுக்குகிறவர் ஏற்கனவே பழகிய ருசியைத்தான் மறுபடி மறுபடி பரிமாறிக்கொள்கிறார். சில பாட்டு முதல் முறையே ஒட்டிக்கொள்ளும். சில பாட்டுக்கு நான்கு முறை வேண்டும். அந்த நான்கு முறையும் அதை நாம் தேடிப்போய்க் கேட்கமாட்டோம். இரண்டு நல்ல பாட்டுக்கு நடுவில் அது தானாக வந்து விழ வேண்டும். அதற்கு இடம் இருப்பது முழு அல்பத்தில்தான்.

சரி, வரிசை அவ்வளவு முக்கியமா? கலைத்துப் போட்டால் என்ன குறையும்?

கச்சேரி கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வர்ணத்தில் தொடங்கிக் குரல் சூடாகி, நடுவில் பெரிய உருப்படியைப் பாடி, மிருதங்கத் தனியாவர்த்தனம் முடிந்து, சின்னச் சின்ன உருப்படிகளான துக்கடாக்களுக்கு இறங்கி, மங்களத்தில் நிற்கும். துக்கடாவை முதலில் பாடிவிட்டு வர்ணத்தில் முடித்தால் சுரம் ஒன்றும் பிழையாகாது. ஆனால் சபையில் இருப்பவருக்கு வயிற்றில் ஏதோ செய்யும்.

நல்ல அல்பத்திலும் அதே கணக்கு உண்டு. ஆரவாரமான பாட்டுக்குப் பிறகு வரும் மெதுவான பாட்டு, தனியாகக் கேட்டால் சோர்வாக இருக்கும். அந்த இடத்தில் கேட்டால் மூச்சு விடுவது போல இருக்கும். இரண்டு பாட்டுக்கு நடுவில் இரண்டு விநாடி அமைதியா, நான்கு விநாடியா என்றுகூட யோசித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். 1973இல் பிங்க் ஃப்ளொய்ட் இசைக்குழு வெளியிட்ட 'த டார்க் சைட் ஒஃப் த மூன்' ஏறக்குறைய 43 நிமிடம். அதில் ஒரு பாட்டு முடியும் இடம் தெரியாமல் அடுத்தது கலந்து வரும். அதைக் கலைத்துப் போட்டால் வெட்டின இடம் வெட்டின இடமாகக் காதில் குத்தும்.

ஆனால் நாங்கள் கேட்பது படப் பாட்டு. அது அல்பம் ஆகுமா?

நியாயமான கேள்வி. இதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.

படப் பாட்டுகள் காட்சிக்காகச் செய்யப்படுபவை. ஐந்து, ஆறு பாட்டு, மொத்தம் 25, 30 நிமிடம். கசெட்டிலும் தட்டிலும் அவை வரும் ஒழுங்கு, படத்தில் வரும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்றில்லை. விற்கும் என்று நினைத்த பாட்டை முதலில் வைப்பார்கள். கசெட் காலத்தில் ஒரு பக்கம் ஒரு படம், மறுபக்கம் இன்னொரு படம் என்று இரண்டைச் சேர்த்தும் விட்டார்கள். என் தலையில் இன்றைக்கும் சில படங்கள் சோடி சோடியாகத்தான் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று எந்தத் தொடர்பும் இல்லாத இரண்டு படங்கள், ஒரே கசெட்டின் இரண்டு முகம் என்பதால் எனக்குச் சகோதரங்கள்.

ஆகவே வரிசை என்ற காரணம் படப் பாட்டில் கொஞ்சம் பலவீனம்தான். ஆனாலும் முழுதாகக் கேளுங்கள் என்றே சொல்வேன். காரணம் வேறு. ஒரே இசையமைப்பாளர், ஒரே கதைக்கு, ஒரே காலத்தில் யோசித்த ஐந்து பாட்டு அவை. அடுத்தடுத்துக் கேட்டால் உறவு தெரியும். காதல் பாட்டில் புல்லாங்குழலில் வந்த ஒரு சின்னத் துண்டு, சோகப் பாட்டில் வயலினில் மெதுவாகத் திரும்பி வரும். மகிழ்ச்சியாக ஒருமுறையும் சோகமாக ஒருமுறையும் வரும் பாட்டின் இரண்டு வடிவங்களைப் பக்கத்தில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். மெட்டு ஒன்று, மனம் இரண்டு. சோகப் பாட்டுகளை மட்டும் சேர்த்த பிளேலிஸ்டில் ஒன்று இருக்கும், மற்றது இருக்காது.

நாங்கள் ரேடியோவில் ஒற்றைப் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள். அது குறைவா?

இல்லவே இல்லை. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை எங்கள் பல்கலைக்கழகம். கடல் தாண்டித் தமிழ்நாட்டில் இருந்தவர்களும் அதற்காகக் காத்திருந்தார்கள். காலையில் 'பொங்கும் பூம்புனல்', பிறகு பிறந்தநாள் வாழ்த்து, 'இசையும் கதையும்', பி. எச். அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு'. எல்லாம் ஒற்றைப் பாட்டுத்தான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பாட்டுகளை நாங்கள் தெரிவு செய்யவில்லை. அறிவிப்பாளர் மயில்வாகனமோ கே. எஸ். ராஜாவோ ஒரு பாட்டைப் போட்டால், இதற்குப் பிறகு இது என்று யோசித்துப் போட்டார்கள். அடுத்தது என்ன வரும் என்று நமக்குத் தெரியாது. பிடிக்காததும் வரும், அதையும் கேட்டோம். அப்படிக் கேட்டுத்தான் பிடித்தது. அந்த வகையில் வானொலி அல்பத்தின் பக்கம் நிற்கிறது. விரலால் தட்டித் தட்டிப் பொறுக்குவதன் பக்கம் இல்லை.

பக்திப் பாட்டு இதில் சேருமா?

சேருமா என்ன, எங்களுக்கு முழுதாகக் கேட்கும் பழக்கத்தைத் தந்ததே அதுதான். சூலமங்கலம் சகோதரிகளின் கந்தசஷ்டி கவசத்தை யாராவது நடுவில் இருந்து போட்டுக் கேட்டிருக்கிறீர்களா? ஏறக்குறைய 20 நிமிடம். கோயில் ஒலிபெருக்கியில் விடியற்காலை தொடங்கினால் முடியும் வரை அப்படியே போகும். அம்மா அதை வைத்தே சமையல் நேரம் கணக்கிடுவார்: கவசம் முடியமுன் இடியப்பம் இறக்க வேண்டும்.

கிண்ணியாவில் எனக்கொரு நண்பர் இருக்கிறார். 2009இல் பாலம் திறப்பதற்கு முன், டவுனுக்கு வருவதென்றால் 'பாதை' என்று நாம் சொல்லும் அந்த மிதவைப் படகில்தான் கடக்க வேண்டும். துறையடியில் காத்திருக்கும் நேரத்தில் தேநீர்க் கடையில் நாகூர் ஹனிபாவின் கசெட் ஓடும். ஒரு பக்கம் முடியவும் பாதை வந்து சேரவும் சரியாக இருக்கும் என்பார். "பாலம் வந்த பிறகு போக்குவரத்துச் சுகம், ஆனா ஹனிபாவைத் தேடிப்போய்க் கேக்க வேண்டியதாப் போச்சு" என்று ஒருநாள் சொன்னார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம்முடைய ஊருக்கென்றே ஒரு பழைய 'அல்பம்' இருக்கிறது. திருஞானசம்பந்தர் கோணேசர் மேல் பாடிய பதிகம். மூன்றாம் திருமுறையில் இருக்கிறது, பண் புறநீர்மை. இராமேசுவரத்தில் நின்று இக்கரையை நினைத்துப் பாடினார் என்று பெரியபுராணம் சொல்லும். 'நிரைகழல் அரவம்' என்று தொடங்கும் முதற் பாட்டை ஊரில் சின்னப்பிள்ளையும் சொல்லும். பள்ளிக்கூடக் காலைக் கூட்டத்தில் பாடுவதும் அந்த ஒன்றைத்தான். நானும் நாற்பது வயது வரை அந்த ஒன்றோடு நின்றவன்.

ஒரு வெள்ளிக்கிழமை கோணேஸ்வரத்தில் ஓதுவார் ஒருவர் முழுப் பதிகத்தையும் பாடக் கேட்டேன். கடைசிப் பாட்டைத் தவிர ஒவ்வொரு பாட்டும் 'கோணமாமலை அமர்ந்தாரே' என்று வந்து முடிகிறது. கீழே பாறையில் அலை அடிக்கிறது. பாட்டுக்குப் பாட்டு அந்த முடிவு திரும்பி வரும்போது, இது கடற்கரைக்கென்று செய்த அமைப்பு என்றே எனக்குப் பட்டது. ஒரே பாட்டைக் கேட்டவனுக்கு அது வெறும் கடைசி அடி.

சம்பந்தர் பதிகங்களில் பெரும்பாலும் ஒரு ஒழுங்கு உண்டு. எட்டாவது பாட்டில் இராவணன் வருவான், ஒன்பதாவதில் திருமாலும் பிரமனும், கடைசிப் பாட்டில் பாடியவர் பெயரும் பாடுவதன் பலனும். அன்றைக்கு ஓதுவார் எட்டாவதுக்கு வந்தபோது நான் நின்றது, இராவணன் வெட்டியதாகச் சொல்லும் பாறைப் பிளவான இராவணன் வெட்டுக்குப் பக்கத்தில். கயிலையைத் தூக்கியவனை இறைவன் விரலால் அழுத்தியதைச் சொல்லும் பாட்டு அது. காலடியில் அந்தப் பிளந்த பாறை. முதற் பாட்டோடு நிறுத்தியிருந்தால் இந்தப் பாட்டு எனக்கு வந்தே இருக்காது. நேரம் இல்லாதபோது முதலும் கடைசியும் பாடும் வழக்கம் உண்டு, அது பிழையில்லை. ஆனால் வாழ்நாளில் ஒருமுறையாவது நடுவில் இருப்பதையும் கேளுங்கள்.

பிளேலிஸ்ட் போடுவது பிழையா?

பிழையில்லை. கல்யாண வீட்டுக்கு, ஓடப் போகும்போது, அடுப்படியில் நிற்கும்போது பிளேலிஸ்ட்தான் சரி. அக்கறையோடு ஒருவருக்காகச் செய்த பிளேலிஸ்ட் எழுதிக் கொடுத்த கசெட்டுக்குச் சமம்.

பிடிக்காத பாட்டைத் தட்டிவிடலாமா?

முதல் மூன்று முறை தட்ட வேண்டாம் என்பது எங்கள் விறாந்தை விதி. நான்காம் முறையும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாகத் தட்டுங்கள். அதற்குப் பிறகு அது உங்கள் தீர்ப்பு. முதல் பத்து விநாடியில் தட்டுவது தீர்ப்பு இல்லை, அவசரம்.

அல்பத்தில் எல்லாப் பாட்டும் நன்றாக இருக்கும் என்று நான் சொல்லவில்லை. நிரப்புவதற்காகப் போட்ட பாட்டுகள் நிறைய உண்டு. சிடி என்னும் இறுவட்டு 1982இல் வந்தபோது 74 நிமிடம் பிடித்தது. இடம் இருக்கிறதே என்று பலர் நீட்டினார்கள். அப்படி நீட்டியவற்றைக் கேட்டு எனக்கும் கொட்டாவி வந்திருக்கிறது. 40 நிமிடத்தில் சொல்லி முடிப்பவரிடம் எனக்கு மரியாதை அதிகம்.

இந்தப் பழக்கம் எப்போது குறைந்தது?

பலர் போனைக் குறை சொல்கிறார்கள். எங்கள் ஊரில் அதற்கு முன்பே எம்பி3 இறுவட்டு வந்துவிட்டது. ஒரே தட்டில் 150 பாட்டு. வாங்கும்போது ஆசையாக இருந்தது, ஆனால் 150இல் நாம் கேட்டது 15. படத்தின் பெயர், பாடியவர் பெயர், எழுதியவர் பெயர் எல்லாம் போய் 'டிராக் 47' என்று ஆனது அப்போதுதான். உலக அளவில் 2003இல் அப்பிள் நிறுவனம் ஐடியூன்ஸ் கடையில் ஒரு பாட்டை 99 சதத்துக்குத் தனியாக விற்கத் தொடங்கியது. அதோடு ஒரு பாட்டுக்காக முழு அல்பம் வாங்கும் கட்டாயம் போனது. வாங்குபவருக்கு அது நல்லதுதான். ஒரு பாட்டுக்காக முழுக் கசெட்டுக்குக் காசு கொடுத்து ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

நேரம் எங்கே இருக்கிறது?

இருக்கிறது. டவுனிலிருந்து நிலாவெளிக்குப் பஸ்ஸில் ஏறினால் அரை மணித்தியாலம். ஒரு படத்தின் பாட்டுகள் முழுதாக முடியும். கோட்டை வாசலில் மான்களைத் தாண்டி மேலே கோயிலுக்கு நடந்து, கும்பிட்டு, இறங்கி, டச்சு பே கடற்கரையில் கொஞ்சம் இருந்தால் 40 நிமிடம். கொழும்புக்கு இரவு ரெயிலில் போனால் கல்லோயாச் சந்தி வருவதற்குள் இரண்டு அல்பம் கேட்கலாம். காட்டுக்குள் சிக்னல் போய்விடும், முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் இல்லை என்பதைவிட, 40 நிமிடம் ஒன்றையே செய்யப் பழக்கமில்லை என்பதுதான் உண்மை என்று நினைக்கிறேன். எனக்கும் முதல் மாதங்களில் கை தானாகப் போனுக்குப் போனது.

டேட்டா தின்னாதா?

வீடியோவோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. சாதாரண தரத்தில், அதாவது விநாடிக்கு 96 கிலோபிட்டில், ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 43 எம்பி. 160இல் 72 எம்பி. 320இல் 144 எம்பி. 45 நிமிட அல்பத்தை 160இல் இறக்கினால் 54 எம்பி. யூடியூபில் பாட்டை வீடியோவாகப் பார்த்தால் அதைப்போலப் பல மடங்கு போகும். இரவு டேட்டா மிஞ்சிப் போகிறவர்கள் அதில் அல்பமாக இறக்கி வைக்கலாம். ஒருமுறை இறக்கினால் நூறு முறை கேட்கலாம். முழு அல்பம் கேட்கும் பழக்கம் டேட்டாவுக்குச் சிக்கனமும்கூட.

போனில் என்ன மாற்ற வேண்டும்?

பாட்டுகளைக் கலைத்துப் போடும் ஷஃபிளை நிறுத்துங்கள், இது முதல் வேலை. 2021 நவம்பரில் பாடகி அடேல் கேட்டுக்கொண்டதற்காக ஸ்பொட்டிஃபை தன் அல்பப் பக்கத்தின் பெரிய பட்டனை வரிசையாகப் பாடும்படி மாற்றியது. ஸ்பொட்டிஃபை இலங்கைக்கு வந்ததும் அந்த வருடம்தான். இருந்தாலும் பணம் கட்டாத கணக்குகளில் சில ஆப் வரிசையாகப் பாட விடாது. அப்படியானால் சொந்தக் கோப்புகளை வைத்துக் கேளுங்கள்.

அப்புறம், ஒரு பாட்டின் வாலில் அடுத்த பாட்டின் தலையை ஏற்றும் கிராஸ்ஃபேட் என்ற வசதியைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். இடைவெளியில்லாமல் பாடும் கேப்லெஸ் வசதியைப் போட்டு வையுங்கள். அல்பம் முடிந்ததும் தானாக வேறு பாட்டைத் தொடங்கும் ஆட்டோபிளேயை நிறுத்துங்கள். இந்தக் கடைசிதான் எனக்கு மிக முக்கியம். கடைசிப் பாட்டு முடிந்து வரும் அமைதியும் அல்பத்தின் பகுதி. எங்கள் விறாந்தையில் அந்த நேரத்தில் யாரும் உடனே பேசுவதில்லை. பத்துப் பதினைந்து விநாடிக்குப் பிறகு யாராவது ஒருவர் பிளேன்டீக் கோப்பையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்கும்.

பாட்டை உருவாக்கியவர்களுக்கு இதனால் ஏதும் நன்மை உண்டா?

உண்டு. ஸ்பொட்டிஃபையில் ஒரு பாட்டு 30 விநாடி ஓடினால்தான் ஒருமுறை கேட்டதாகக் கணக்கு. பிரபலமான ஒரு பாட்டோடு நிற்காமல் முழுதாகக் கேட்டால் மற்றப் பாட்டுகளை எழுதியவருக்கும் பாடியவருக்கும் அந்தக் கணக்கு சேரும்.

பிள்ளைகள் பொறுமையாகக் கேட்பார்களா?

என் பெறாமகளுக்குப் பதினாறு வயது. ஒரு போயாவுக்கு முதல் தடவை வந்து இரண்டாவது பாட்டிலேயே, "சித்தப்பா, இதில நல்லது எது எண்டு சொல்லுங்கோ, அதை மட்டும் கேக்கிறன்" என்றாள். நான் சொல்லவில்லை. சொன்னால் அது என்னுடைய பாட்டாகிவிடும். ஒரு வேலை கொடுத்தேன்: "முடிஞ்ச பிறகு எந்தப் பாட்டை எடுத்துப் போட்டால் அல்பம் கெடும் எண்டு நீ சொல்லு." கடைசியில் அவள் காட்டியது பாட்டே இல்லை. நடுவில் வரும் ஒன்றரை நிமிட இசைத் துண்டு. "அது இல்லாட்டி அடுத்த பாட்டுக்குள்ள போக வாசல் இல்லை" என்றாள். அந்தச் சொல்லை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

கட்டாயப்படுத்த வேண்டாம். 20, 25 நிமிடத்தில் முடியும் சின்ன அல்பங்களில் தொடங்குங்கள். இருட்டில் கேட்பதும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

எதிலிருந்து தொடங்கலாம்?

படமில்லாத அல்பத்தில் தொடங்குங்கள் என்பது என் யோசனை. காட்சி நினைவு குறுக்கே வராது. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்', 1986. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசை மேதை பாஹ்வுக்கும் காணிக்கையாகச் செய்தது. வி. எஸ். நரசிம்மனின் வயலின் அதில் நடத்தும் பேச்சைக் கேட்க வேண்டும். எங்கள் முதலாவது போயாவுக்கு அதைத்தான் போட்டோம். அடுத்தது 1988இல் வந்த 'நத்திங் பட் விண்ட்', ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல். கடற்காற்று அடிக்கும் பின்னேரத்தில் அதைத் திறந்த விறாந்தையில் கேட்பதற்கு ஈடில்லை. பாடல் வேண்டும் என்பவர்களுக்கு 2005இல் புடாபெஸ்ட் சிம்பொனி வாத்தியக் குழுவோடு வந்த இளையராஜாவின் திருவாசகம். ஏ. ஆர். ரகுமானின் 1997 'வந்தே மாதரம்' இளம் ஆட்களுக்குப் பிடிக்கிறது.

இவை வேண்டாம் என்றால், வீட்டில் ஒரு பாட்டை மட்டும் நூறு முறை கேட்ட ஏதாவது ஒரு படத்தை எடுங்கள். அந்தப் பாட்டுக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று போய்ப் பாருங்கள்.

நடுவில் எழும்பிப் போகலாமா?

போகலாம், யாரும் ஒன்றும் நினைப்பதில்லை. பக்கத்து வீட்டு அக்கா போன போயாவுக்கு நாலாவது பாட்டோடு எழும்பினார். மகன் வேலையால் வருகிற நேரம், சோறு வடிக்க வேண்டும். அடுத்த நாள் காலையில் மதிலடியில் நின்று, "பிறகு என்ன வந்தது?" என்று படத்தின் மிச்சக் கதை கேட்பது போலக் கேட்டார். பாட்டை எப்படிச் சொல்லிக் காட்டுவது? இந்தப் போயாவுக்கும் அதே அல்பத்தைத்தான் போடப் போகிறோம். ஐந்தாவதிலிருந்து போட்டால் போதும் என்கிறார் அக்கா. நாங்கள் முதலில் இருந்துதான் தொடங்குவோம், சோற்றைக் கொஞ்சம் நேரத்தோடு வடித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறோம்.